வலது கக்கத்துக்கு ஒரு பச்சை வெல்வெட்

2024 ஓகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறும்போது தூறல். கண்டியில் இறங்கும்போது தூறலும் இல்லை, வெயிலும் இல்லை. குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் பாதி விரித்துப் பிடித்தபடி கொழும்பு வீதிக்குள் நுழைந்தேன். சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு கரும்பச்சை வெல்வெட் துண்டு. பஸ்ஸிலேயே மூன்று தரம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அதே நிறத்தில் ஒரு மீற்றர் துணி வேண்டும். பேக்பைப்பின் பைக்கு உறை தைக்க.

இதை யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி கேட்பார்கள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்பைப் என்பது கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் ஒரு தோல் பை. அதில் ஐந்து குழாய்கள் செருகியிருக்கும். ஒன்று வாயால் ஊதுவது. ஒன்று பையின் கழுத்தில் தொங்கும், விரல் வைத்து வாசிப்பது. மற்ற மூன்றும் தோளில் சாய்ந்து ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். பை பார்க்க அழகாக இராது, வியர்வையில் வழுக்கவும் செய்யும். அதனால் அதற்கு ஒரு வெல்வெட் சட்டை. சட்டையின் வெளிப்பக்கத்தில் வாத்தியக் குழுவின் சின்னம் போட்ட பட்ஜ். விலா எலும்போடு ஒட்டுகிற உட்பக்கத்தில், உறையைத் திறந்து மூடப் பதினாறு அங்குல சிப். ஊருக்குப் பட்ஜ் தெரியவேண்டும், சிப் தெரியக்கூடாது.

உலகத்தில் பெரும்பாலானவர்கள் பையை இடது கக்கத்தில் வைப்பார்கள். நான் வலது கக்கத்தில் வைப்பவன். நான் இடக்கைக்காரன் அல்ல. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையால்தான். பைப் மட்டும் மாறிப்போனது. அதற்குக் காரணம் என் நண்பன்.

கண்டியில் நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூட பாண்ட் குழுவுக்கு ஒரு பறங்கி மாஸ்டர் வந்து பழக்குவார். என் நண்பன் யாழ்ப்பாணத்துப் பையன். தகப்பனுக்கு ரயில்வேயில் வேலை, ஆகையால் கண்டியில் வளர்ந்தவன். அவனைக் குழுவில் எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. மாஸ்டரிடம் படித்ததை அவன் பின்னேரம் ஏரிக்கரையில் வைத்து எனக்குச் சொல்லித் தருவான். எனக்கு முன்னால், என் முகத்தைப் பார்த்தபடி நிற்பான். அவன் பை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே நானும் வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்துத் தலை வாருகிறவனைப் போல. ஒரு வருடம் கழித்து ஆள் போதாமல் என்னையும் குழுவில் சேர்த்தபோதுதான் மாஸ்டர் கண்டார். அதற்குள் விரல்கள் பழகிவிட்டன.

"இனி மாற்ற நேரமில்லை," என்றார். "நீ ஓரத்தில் நில். வலது ஓரத்தில்."

அன்றிலிருந்து என் இடம் வலது ஓரம். என் இடது பக்கத்தில் என் நண்பன். அவனுடைய குழாய்கள் அவன் இடது தோளில், என்னுடையவை என் வலது தோளில். எங்கள் இருவர் தலைக்கும் நடுவில் மட்டும் ஒரு குழாயும் இராது. மற்றவர்களுக்கு இடையில் எல்லாம் மரக் குழாய் நிற்கும். அவன் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்கும். நான் எந்த இடத்தில் பிழைவிடப் போகிறேன் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஏரியைச் சுற்றி ஊர்வலம் போவார்கள். ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குப் போன பிறகும் அவன் அதற்கென்றே இரவு பஸ் ஏறி வருவான். கடைசியாக நாங்கள் சேர்ந்து நடந்தது 2019இல். பிறகு கொரோனா. பிறகு பெற்றோல் இல்லாத வருடம். அந்த வருடத்தில்தான் அவன் இறந்தான். கண்டியிலிருந்து வாகனம் எதுவும் கிடைக்காமல் நான் போகவில்லை. போனில் அவன் மகன் காட்டினான். படம் நின்று நின்று வந்தது.

நான் கலியாணம் முடிக்கவில்லை. மாநகர சபையில் வரிப்பகுதியில் முப்பத்து நான்கு வருடம் எழுதுவினைஞர். இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி அறை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலுமாரி, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் பைப் பெட்டி இருக்கும். பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்து மணி வரை ஊதலாம் என்று கீழ்வீட்டு அம்மாவோடு ஒப்பந்தம். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் கைப்பிடிச் சுவரில் கரண்டியால் தட்டுவார். சில நாட்களில் அந்தத் தட்டு ஒன்றுதான் அன்றைக்கு என்னோடு யாராவது பேசியது.

ஓகஸ்ட் தொடக்கத்தில் பழைய மாணவர் சங்கச் செயலாளர் போன் எடுத்தான். அவனுக்கு நாற்பது வயது இருக்கும், வங்கியில் வேலை. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஊர்வலம் திரும்பவும் நடக்கப்போகிறது, ஒக்டோபர் முதலாம் சனிக்கிழமை என்றான்.

"அங்கிள், இந்த மொற ஆறு பேருக்கும் ஒரே கவர். கரும்பச்சை. பாகிஸ்தான்ல சொல்லி எடுத்தாச்சு. சங்கக் காசு, நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"வலக்கைக்கும் இருக்கா?"

"அது அவங்க செய்யிறதில்லையாம். நீங்க எடக்கைக் கவரையே போட்டுக்குங்க அங்கிள். யாரு பாக்கப் போறா?"

"சிப் வெளிய தெரியும். பட்ஜ் உள்ளுக்குப் போயிரும்."

"தெரிஞ்சா என்ன?"

"காற்சட்டை சிப் தெறந்திருந்தா என்னவோ அதுதான்."

சிரித்தான். சிரித்து முடித்ததும், "அப்ப ஒண்ணு செய்வோம்," என்றான். "நீங்க மேடையில இருங்க. முன் வரிசையில கதிரை போட்டு வைக்கிறேன். இந்த வயசுல எதுக்கு நடக்கணும்?"

எனக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு மெட்டு முழுதாக ஊதிவிட்டு மூன்றாவதில் மூச்சு வாங்குகிறது. அடுத்த வருடம் நடப்பேன் என்று என்னால் சொல்ல முடியாது. கதிரையில் உட்காருவது எனக்குப் புதிதல்ல, தினமும் அதைத்தான் செய்கிறேன். ஒரு வரிசையில், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க நானும் நிற்பது வருடத்தில் ஒரு நாள்தான். அதையும் சிப்பைக் காட்டிக்கொண்டு, பிழையாகச் செருகிய பொத்தான் மாதிரி நிற்க எனக்கு விருப்பமில்லை. ஐம்பத்தைந்து வருடம் பிழையான பக்கத்தில் நின்றாயிற்று. இந்த ஒரு தடவை பட்ஜ் வெளியே தெரிய நிற்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"நானே துணி எடுத்து வலக்கைக்குத் தைப்பிச்சா?"

"அப்படின்னா பிரச்சினையே இல்ல. நெறம் ஒத்துப்போனாச் சரி. படத்துல தனியாத் தெரியக் கூடாது."

ஓய்வூதியம் எடுக்கப் போன நாளில் அவனிடம் போனேன். பாகிஸ்தான் உறை ஒன்றின் உள்தையலிலிருந்து சிறு துண்டு வெட்டித் தந்தான். பட்ஜ் ஒன்றும் தந்தான். பட்ஜுக்கு மட்டும் காசு வாங்கினான், கணக்கில் ஆறு கவருக்கு ஆறு பட்ஜ்தான் இருக்கிறது, இது ஏழாவது என்று. அதில் எனக்குக் கோபமில்லை. கணக்கு என்றால் கணக்கு.

கொழும்பு வீதியில் முதல் புடவைக்கடையில் நிறம் அச்சொட்டாக இருந்தது. என் துண்டை அதன் மேல் வைத்துவிட்டுத் தேடவேண்டியிருந்தது, அவ்வளவு ஒற்றுமை. ஆனால் நைலோன். நிறம் கண்ணுக்கு. பிடிமானம் கைக்கு. கக்கத்தில் வழுக்குகிற துணியால் பையை அழுத்த முடியாது, அழுத்தாவிட்டால் சுருதி தொங்கிப்போகும். எனவே துணிச் சுருளின் நுனியை மடித்து வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை மெதுவாக அழுத்துவதும் தளர்த்துவதுமாக நின்றேன். விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், காச்சல் இருக்கா?" என்றாள் ஒருத்தி. "தெர்மோமீட்டர் வச்ச மாதிரி நிக்கிறீங்க."

"வழுக்குதா என்று பார்க்கிறேன்."

"சட்டைக்கு வெல்வெட் எடுத்தா வேர்க்கும் சேர்."

மற்றவள் துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் தொடர்ந்து அழுத்தினேன். ஏழாவது அழுத்தலில் துணி கக்கத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை நானே எடுத்து, உதறி, சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது கடையில் வெல்வெட்டே இல்லை. யட்டிநுவர வீதியில் மூன்றாவது கடை. முதலாளி ஒரு முஸ்லிம், என்னை விடப் பத்து வயது குறைவாக இருக்கும். காசு மேசைக்குப் பின்னாலிருந்து எழும்பாமலே என் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்சையா? எலெக்சன் நேரத்துல சேர் தைரியசாலிதான்."

"இது பாண்டுக்கு."

"என்னத்துக்கா ஈந்தாலும் சரி. இப்ப கலர் கேட்டாலே மனுசன் எந்தக் கட்சிண்டுதான் பாக்குற. பச்ச எடுத்தா ஒரு கட்சி, நீலம் எடுத்தா ஒரு கட்சி, செவப்பு எடுத்தா இன்னொண்டு. வெள்ள எடுத்தா மையத்து வூடு. நான் என்னத்த விக்கிற?" என்றுவிட்டு, "ஈக்கி சேர், ஈக்கி. பருத்தி வெல்வெட். பழைய சுருள். எத்தின மீற்றர் ஓணும்?"

எடுத்து விரித்தார். தொட்டதுமே தெரிந்தது. விரலை மேலிருந்து கீழே ஓட்டினால் மயிர் படிந்தது, மேலே ஓட்டினால் சிலிர்த்தது. கக்கத்தில் வைத்து இருபது தடவை அழுத்தினேன். அசையவில்லை. முதலாளி அதையும் பார்த்துக்கொண்டே அளவுகோலை எடுத்தார். கண்டியில் கடை வைத்திருப்பவர் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருப்பார்.

ஆனால் நிறம் ஒரு சொட்டு இருண்டிருந்தது. என் துண்டு தேயிலைக் கொழுந்தின் அடியிலை என்றால், இது அதற்கும் கீழே உள்ள முற்றிய இலை.

துணியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். வெயில் வந்தபோது வித்தியாசம் தெரிந்தது. முகில் மூடியபோது தெரியவில்லை. ஊர்வலத்தன்று முகிலா வெயிலா என்று யாருக்குத் தெரியும்? ஒக்டோபர் பின்னேரம், பெரும்பாலும் முகில். பெரும்பாலும் என்பது எப்போதும் அல்ல. உள்ளே போனேன், திரும்பவும் வந்தேன். நாலாம் தடவை முதலாளி ஒரு கதிரையைத் தூக்கி வாசலில் வைத்தார்.

"இருந்து பாருங்க சேர். பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க."

"நான் பார்க்கப் போனதில்லை," என்றேன்.

அதற்கு அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளேன்டீ அனுப்பினார்.

தேநீர் குடித்து முடியும் வரை யோசித்தேன். நைலோனை எடுத்தால் படத்தில் ஒத்துப்போவேன், வாசிக்கும்போது பை வழுக்கும். பருத்தியை எடுத்தால் வாசிப்பேன், படத்தில் ஒரு சொட்டு இருட்டாக நிற்பேன். என் நண்பன் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் முடித்திருப்பான். அவனுக்கு எதிலும் இரண்டாவது யோசனை கிடையாது. 2019இல் ஊர்வலம் புறப்படுவதற்கு முன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"இந்த முறையும் நீ பிழையான பக்கம்தான் நிக்கிறாய்."

"நீதானே படிப்பிச்சது."

"நான் சரியாத்தான் படிப்பிச்சனான். நீ என்னைப் பார்த்தெல்லே படிச்சனீ. மாஸ்டரைப் பார்த்துப் படிச்சிருக்கோணும்."

பருத்தியை எடுத்தேன். சுருளில் ஒரு மீற்றர் இருபது சென்ரிமீற்றர்தான் மிச்சம் இருந்தது. இருபதை மட்டும் வைத்து என்ன செய்வது, முழுவதையும் எடுங்கள் என்றார் முதலாளி. கணக்குப் பார்த்தேன். ஒரு மீற்றர் என்றதே கூட்டிச் சொன்னது, உண்மையில் எழுபத்தைந்து சென்ரிமீற்றர் போதும். ஆனால் அவர் பிளேன்டீ தந்திருந்தார். எடுத்துக்கொண்டேன். கரைக்குக் குஞ்சம் தொங்கும் நாடா இரண்டரை மீற்றர், ஒரு சிப், இவையும் அங்கேயே.

அடுத்த ஒரு கிழமை அச்சு வரைந்தேன். பட்ஜ் இல்லாத என் பழைய உறையை எலி கடித்திருந்தது, ஆனாலும் அளவெடுக்க உதவியது. மேசையில் மண்ணிறக் கடதாசியை விரித்து, பழைய உறையின் தையலைப் பிரித்து வைத்து, கால் அங்குலம் கால் அங்குலமாகக் குறித்தேன். வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று. வெளிப்பக்கத் தாளில் பட்ஜ் வரும் இடத்துக்கு ஒரு வட்டம். உட்பக்கத் தாளில் சிப்புக்கு ஒரு கோடு. பைக்கழுத்து எந்தத் திசையில் நீளும் என்று அம்புக்குறி. இரண்டு தாளிலும் சிவப்புப் பேனாவால் பெரிய எழுத்தில் 'வெளி', 'உள்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். நாலரை மணி வந்ததும் போனதும் தெரியவில்லை. ஐந்தே கால் அளவில் கீழ்வீட்டு அம்மா படியில் ஏறி வந்தார்.

"சேர், இண்டைக்கு ஊதல்லயா? சொகமில்லையோண்டு பாத்தேன்."

வேலை இருக்கிறது என்றேன். மேசையைப் பார்த்தார். "என்ன, வீட்டுப் பிளானா?" என்றார். ஆம் என்று சொல்லிவிட்டேன். சொல்லி விளங்கப்படுத்த மனமில்லை.

வத்தேகமவில் ஓட்டோ இருக்கைகளுக்கும் குஷன்களுக்கும் உறை தைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, டவுனில் கடை போட்டிருக்கிறாள். வெல்வெட், குஞ்சம், சிப் மூன்றையும் ஒரே தையலில் பிடிக்கத் தடித்த ஊசி மெஷின் வேண்டும், அது அவளிடம் இருந்தது. செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் பைப்போடு கட்டிக்கொண்டு போனேன்.

"வாங்கய்யா, உக்காருங்க. என்னது இது?" தாளை விரித்துப் பார்த்தாள். "ஆட்டுக்குட்டிக்குச் சட்டையா?"

பைப்பை எடுத்துக் காட்டினேன். கழுத்தும் ஐந்து குழாய்களுமாக அவள் சொன்னதில் பெரிய பிழையில்லை.

"ஆமா, ஆட்டுக்குட்டிதான்," என்றாள். "கழுத்து இருக்கு, காலு இருக்கு. சத்தம் போடுமா?"

"நல்லாப் போடும்."

"அப்ப நான் வெட்டிக்கிறேன், நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"இல்லை தங்கச்சி. நானே கோடு போட்டுத் தருகிறேன். அளவு கூடிக் குறையக் கூடாது."

உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சோக்குக்கட்டியைத் தந்தாள். நான் வெல்வெட்டின் மேல் தாளை வைக்கப் போனதும் கையைப் பிடிக்காத குறையாக, "மேல போடாதீங்கய்யா, சோக்கு மயிருக்குள்ள போயி நிக்காது. பொரட்டிப் போட்டுப் பின்னாடி கீறுங்க," என்றாள்.

அது சரி. துணியைப் புரட்டிப் போட்டேன். அதன் முதுகில் என் தாளை வைத்தேன். 'வெளி' என்ற எழுத்து நேராக, வாசிக்கக்கூடியதாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வருடம் கடதாசியோடு வாழ்ந்தவன். எழுத்து நேராக இருந்தால் தாள் நேராக இருக்கிறது என்றுதான் என் கை நினைக்கும். சுற்றிக் கோடு போட்டேன். 'உள்' தாளையும் அப்படியே வைத்துக் கோடு போட்டேன். இரண்டு தரம் அளந்து சரிபார்த்தேன். அளவில் ஒரு நூல் கூடப் பிசகில்லை.

அவள் கோட்டின் மேல் கத்தரியை ஓட்டினாள். நான் எதிர்க்கடையில் ஒரு பணிஸும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டு, அடுத்த திங்கள் வருவதாகச் சொல்லித் திரும்பினேன்.

அடுத்த திங்கள் உறை தயாராக இருந்தது. அழகான வேலை. குஞ்சம் ஒரே சீராக விழுந்தது. பட்ஜ் வட்டத்தின் நடுவில். மயிர் கழுத்திலிருந்து கீழே படிந்தது, நான் அம்புக்குறியிட்ட படியே. அவள் கடையில் கண்ணாடி இல்லை. பையை உறைக்குள் விட்டு, குழாய்களைச் செருகி, வலது கக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தேன். பதினாறு அங்குல சிப், பல்லைக் காட்டிக்கொண்டு, வெளியே பார்த்திருந்தது. பட்ஜ் என் விலாவைக் குத்தியது.

கழற்றி வைத்தேன். திரும்பவும் போட்டேன்.

"என்னங்கய்யா?"

சொன்னேன். அவள் தாள்களைத் தேடி எடுத்தாள். ஒரு மிச்சத் துணியைப் புரட்டிப் போட்டு அதன் மேல் தாளை வைத்தாள், எடுத்தாள், துணியைத் திருப்பினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டோம். துணியைப் புரட்டினால் தாளையும் புரட்டியிருக்க வேண்டும். எழுத்து கீழே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலது இடதாகிவிடும்.

"நீங்க கீறின கோட்டு மேலதானங்கய்யா கத்தரி வச்சேன்," என்றாள். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. நான் சண்டை பிடிப்பேன் என்று நினைத்திருக்கலாம்.

"ஓம், உன்மேல் பிழையில்லை."

"பட்ஜப் பிரிச்சு இந்தப் பக்கம் வப்போமா?"

"சிப் அங்கேதானே இருக்கிறது."

"உள்ள வெளியத் திருப்பினா?"

"வெல்வெட் உள்ளே போய்விடும்."

மிச்சத் துணியை அளந்தோம். சிப் பக்கத்துக்கு வேறு துண்டு போட, மயிர் படியும் திசையில் ஒரு சாண் குறைந்தது. கடையில் சுருள் முடிந்துவிட்டது என்பது எனக்கே தெரியும், கடைசி இருபது சென்ரிமீற்றரையும் வாங்கியவன் நான்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என் இடது கையைப் பார்த்தாள்.

"ஏங்கய்யா, அந்தக் கையில வச்சு ஊதப் பழகிக்கிட்டா என்ன? எங்க மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து இப்ப எடக்கையாலதான் கையெழுத்துப் போடுறாரு. பேங்க்ல கூட ஏத்துக்கிட்டாங்க."

"எத்தனை நாளில் பழகினார்?"

"ரெண்டு வருசம்."

ஊர்வலத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

கூலியில் இருநூறு குறைத்துத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று முழுவதையும் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கிடைத்தது. மடவளை தாண்டியபோதுதான் உறைத்தது. என் மடியில் இருந்தது இடக்கை உறை. செயலாளர் சும்மா தருகிறேன் என்ற அதே உறை. அவனுடையதை விட ஒரு சொட்டு இருண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். என் நண்பனுக்குச் சொல்லவேண்டும் என்று கை தானாகப் போன் பக்கம் போனது. அவன் இலக்கம் இன்னும் இருக்கிறது. சங்கதியைக் கேட்டிருந்தால் மூச்சு முட்டச் சிரித்திருப்பான். "திரும்பவும் என்னைப் பார்த்துப் படிச்சிட்டியோ," என்றிருப்பான்.

அந்தக் கிழமை முழுதும் ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. செயலாளருக்குப் போன் எடுத்து, கதிரையைப் போடச் சொல்லலாம். இரண்டு தடவை இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்க முன்பு வெட்டினேன். நாலரைக்கு உறையைப் போட்டு ஊதினேன். துணி வழுக்கவில்லை. அது ஒன்று சரியாக அமைந்தது. பழைய மெட்டு ஒன்றை முழுதாக ஊதி முடித்தபோது ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. அந்த நாலு நிமிடமும் சிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் ஐந்தாம் திகதி போனேன். நடக்கத்தான் போனேன். முகில். நிறத்தைப் பற்றி நான் பயந்தது வீண். மூன்று மூன்று பேராக இரண்டு வரிசை. என் இடம் பின் வரிசையின் வலது ஓரம். ஊர் பார்க்கும் பக்கம், சிப் பக்கம். மேடையில் முன் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. செயலாளர் போட்டு வைத்திருந்தான் போல. நான் அதைப் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

யாராவது சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். பாகிஸ்தானில் வலக்கைக்குச் செய்வதில்லை என்று சொல்வதா, கதை முழுவதையும் சொல்வதா என்று மட்டும் முடிவாகவில்லை. சொல்லத் தொடங்கினால் முழுவதையும் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. வெல்வெட், தெர்மோமீட்டர், ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும். அதற்குக் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

என் இடது பக்கத்தில் இப்போது ஒரு டொக்டர் நிற்கிறார், முப்பத்தெட்டு வயதிருக்கும். புறப்படும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குழாய்கள் இடது தோளில். எங்கள் இருவர் தலைக்கும் நடுவில் எதுவும் இல்லை. அவர் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

"ஓகேயா அங்கிள்?" என்றார், முன்னால் பார்த்தபடி.

"ஓகே," என்றேன்.

ஏரியைச் சுற்றி நடந்தோம். கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள் நின்று போனில் படம் எடுத்தார்கள். சிப்பை அவர்கள் பக்கம் காட்டியபடியே போனேன். கையை இறுக்கிப் பட்ஜை விலாவோடு வைத்துக்கொண்டேன். மூன்றாவது மெட்டில் மூச்சு வாங்கியது. ஊதாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டு இருபது அடி நடந்து, திரும்பவும் சேர்ந்துகொண்டேன். டொக்டர் அதைக் கவனிக்கவில்லை. என் நண்பன் என்றால் அந்த இருபது அடிக்கும் கொஞ்சம் பலமாக ஊதி என்னை மூடியிருப்பான். மைதானத்தில் போய் நின்றோம். கை தட்டினார்கள். சிப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பட்ஜ் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. குழுப் படத்துக்கு நின்றபோது படம் எடுத்தவர், "ஓரத்தில இருக்கிற அங்கிள், கொஞ்சம் உள்ளுக்கு," என்றார். ஒரு அடி உள்ளே நகர்ந்தேன்.

மறுநாள் காலை சங்கத்து வட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கினேன். ஐந்து பச்சை உறைகள், ஐந்து பட்ஜ்கள். படத்தின் இடது ஓரத்தில் என் முகம் இருந்தது, என் இடது தோள் இருந்தது. அத்தோடு படம் முடிந்துவிட்டது. வலது கக்கம் படத்துக்கு வெளியே. நிறம் ஒத்துப்போனதா என்று கூடப் பார்க்க வழியில்லை.

பின்னேரம் நாலரைக்குப் பைப்பை எடுக்கவில்லை. மேசையில் இருந்து கூட்டிப் பார்த்தேன். துணி, குஞ்சம், சிப், பட்ஜ், கூலி, மண்ணிறக் கடதாசி, வத்தேகமவில் எடுத்த பணிஸும் தேத்தண்ணியும், பஸ் காசு. ஊர்வலத்தன்று கண்டிக்குப் போன பஸ் காசைச் சேர்க்கவில்லை, கதிரையில் இருப்பதென்றாலும் போகத்தான் வேண்டும். முதலாளியின் பிளேன்டீ சும்மா. சும்மா கிடைத்திருக்கக்கூடிய அந்த உறைக்கு நான் செலவழித்தது ஆறாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.